பிசாசின் குரலும் என் திருநீறும்

வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ஹவுசனில் பழைய படச்சுருள்களைக் கணினிக்கு மாற்றும் வேலைத்தலத்தில் சேர்ந்த புதிதில், என்னுடைய முதலாளி ஒரு பிசாசு என்று நான் நம்பினேன். கோபம் வந்தால் முதலாளிமாரைத் திட்டுவதற்கு நாங்கள் சொல்லும் பிசாசு அல்ல. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கடதாசியில் கையெழுத்து வாங்கி, ஆத்துமாவைத் தூக்கிக்கொண்டு போகும் அசல் பிசாசு.

அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டு பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். சுவிஸ் கடவுச்சீட்டு சட்டைப் பையில் இருந்தது. இப்படிப்பட்ட ஒரு மனிதன்தான் இதை நம்பினான். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இந்த ஆண்டு மலரைத் தொகுக்கும் குழுவினர் கேட்டார்கள். தொழிலைப் பற்றி என்னை விடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பயத்தைப் பற்றி என்னை விடத் தெரிந்தவர் இந்த மாநிலத்தில் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஸ்ட்ரூடல் மா

அதற்கு முன் பதினெட்டு வருடம் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தேன். பாத்திரம் கழுவத் தொடங்கி, இனிப்புப் பகுதிக்கு ஏறி, கடைசி ஆறு வருடமும் ஆப்பிள் ஸ்ட்ரூடல் என்ற சுருள் இனிப்புக்கு மா இழுப்பதே என் வேலை. அந்த மாவை மேசை அகலத்துக்கு இழுக்க வேண்டும். கீழே விரித்த துணியின் பூ மேலே தெரிய வேண்டும். ஒரு விரல் அவசரப்பட்டாலும் கிழிந்துவிடும். கை நன்றாகத்தான் இருந்தது. முழங்கால்கள்தான் கைவிட்டன. இனி நாள் முழுக்க நின்று செய்யும் வேலை கூடாது என்று டொக்டர் எழுதித் தந்தார்.

அந்த நேரம் மனைவி வதனிக்கு ஷாஃப்ஹவுசனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. வீடு மாறினோம். தொழில் மாற்றும் அலுவலகம் என்னை இந்த வேலைத்தலத்துக்கு அனுப்பியது. மூன்று மாதம் தேர்வுக்காலம். இங்கே அதை ‘புறோபசைற்’ என்பார்கள். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் திரும்பிப் போக ஒரு சமையலறை இருந்தது, அதில் நிற்க முழங்கால் இருக்கவில்லை.

வேலைத்தலத்தில் என்னோடு சேர்த்து மூன்று பேர். முதலாளி ஹெர் லூத்திக்கு அறுபத்தொரு வயது. நெடிய, மெலிந்த மனிதர். எந்தக் காலநிலையிலும் கறுப்பு வெய்ஸ்ட்கோட். தூசு கிளம்பக் கூடாது என்பதற்காக உள்ளே மென்மையான சப்பாத்துத்தான் போடுவார். அதனால் அவர் வருவது கேட்காது, வந்து நிற்பதுதான் தெரியும். இரண்டாவது ஆள் ரெகுலா. இருபத்தைந்து வருடமாகப் படம் துடைக்கிறவள். வாய் ஓயாது.

முதல் நாள் காலை ஹெர் லூத்தி கை கொடுத்தார்.

“வணக்கம், ஹெர் சிவசுப்பிரமணியம்.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் என் பெயரைக் குதறாத ஒரு வெள்ளைக்காரரை நான் கண்டதில்லை. சந்தேகத்தின் முதல் விதை அங்கேதான் விழுந்தது.

ஒரு கழிவுச் சுருளைத் தந்து கையால் சுற்றச் சொன்னார். “அவசரமில்லை” என்றார். நான் சுற்றினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார்.

“முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?”

“ஸ்ட்ரூடல்.”

“அப்ப சரி” என்றார். பிறகு பதினொரு பக்க ஒப்பந்தம் ஒன்றையும் ஒரு பேனையையும் மேசையில் வைத்தார். “வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வாசியுங்கோ. அவசரமில்லை.”

மனிதர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில், வாசிக்காமல் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தேன்.

ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கடதாசி

எனக்குத் தந்த முதல் பெரிய வேலை ஒரு பெட்டி நிறையப் பழைய தொலைக்காட்சி நாடகங்கள். கறுப்பு வெள்ளை. கிழமைக்கு ஒரு கதை, கதைக்கு இருபத்தைந்து நிமிடம். எல்லாம் மாயக் கதைகள். படம் வெளிநாட்டில் எடுத்தது. டொச்சுக் குரல், அதாவது ஜெர்மன் குரல், இங்கே சின்னச் சின்ன ஸ்டூடியோக்களில் போட்டது. அந்தக் காலத்தில் படம் ஒரு சுருளிலும், குரல் இன்னொரு காந்தச் சுருளிலும் இருக்கும். படத்தை ஸ்கேன் செய்ய வேண்டும், குரலைத் தனி மெசினில் ஓட்டிப் பதிய வேண்டும், பிறகு கணினியில் இரண்டையும் பொருத்த வேண்டும். குரல் மெசினில் ‘ஹெட்’ என்று விரல் நகமளவு உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது. சுருள் அதை உரசிக்கொண்டு போக வேண்டும். இடையில் ஒரு மயிர் வந்தாலும் குரல் செத்துவிடும்.

அந்தப் பெட்டியில் நாலு கதைக்கு ஒன்றில் பிசாசு வந்தது. எனக்கு அது புதினமாக இருந்தது. எனக்குத் தெரிந்த பேய் தலையை விரித்துக்கொண்டு வரும், பிடிக்கும், ஆட்டும். யாரிடமும் அனுமதி கேட்காது. இந்தப் பேயோ கதவைத் தட்டியது. தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னது. “இருக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கதிரையில் இருந்தது. ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, “ஆறுதலாக வாசியுங்கள்” என்றது. சுவிசில் வீடு வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இந்தப் பேயை உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

இரண்டாவது கிழமையே நான் அந்த நாடகங்களுக்கு அடிமை. இப்போதும் மனமாரச் சொல்கிறேன், அவற்றைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் இருந்தது ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கடதாசி, இரண்டு நடிகர்கள். நெருப்பில்லை, வாலில்லை, கொம்பில்லை. பிசாசு ஒருபோதும் பொய் சொல்லாது. அதுதான் அவர்கள் போட்ட விதி. எல்லாம் கடதாசியில் இருக்கும். வாசிக்காமல் விட்டது மனிதனின் பிழை. நமது கதைகளில் அசுரன் தவமிருந்து வரம் கேட்பான். சாகாமலிருக்க ஆயிரம் நிபந்தனை போடுவான். அதில் ஓட்டை கண்டுபிடிப்பது கடவுளின் வேலை. இங்கே ஓட்டையைப் பிசாசு முன்கூட்டியே வைத்துக்கொண்டு வருகிறது, கண்டுபிடிக்க வேண்டியது சாதாரண மனிதன். தொப்பி விற்கிறவன், பல் பிடுங்குகிறவன், வங்கியில் முத்திரை குத்துகிறவன். அதனால்தான் பார்க்கிற ஆளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அசுரனுக்காக யாருக்கு நெஞ்சு அடிக்கும்?

எல்லாவற்றிலும் சிறந்தது ஒரு தொப்பிக் கடைக்காரனின் கதை. குரலை ஓட்டுமுன்பே, படத்தையும் அதோடு வந்த வசனத் தாளையும் வைத்து அதன் முதல் பாதியைத் தெரிந்துகொண்டேன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் தொப்பி வாங்க வருகிறார். கடைக்காரன் விரும்பியதெல்லாம் கிடைக்கும் என்கிறார். ஒரே நிபந்தனை: எந்த நாளில் அவன் வாயைத் திறந்து ‘போதும்’ என்று சொல்கிறானோ, அந்த நாளில் அவர் வந்து ஆத்துமாவைக் கொண்டுபோவார். கடைக்காரன் சிரிக்கிறான். யார்தான் போதும் என்று சொல்வார்கள்? கையெழுத்து வைக்கிறான். வளர்கிறான். முதல் பாதியின் முடிவில் ஒரு பெரிய விருந்து. பரிசாரகன் வைன் ஊற்றுகிறான். கிளாஸ் நிரம்புகிறது. அவனால் சொல்ல முடியவில்லை. வைன் வழிந்து, மேசைத் துணியில் ஓடி, அவன் மடியில் சொட்டுகிறது. அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். அந்த ஒரு காட்சிக்கு நான் தொப்பியைக் கழற்றுவேன்.

வதனியிடம் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியோடு நின்றபடி கேட்டாள்.

“எங்கட வீட்டிலை எண்டால் அந்தாள் முதல் நாள் மத்தியானமே போய்ச் சேர்ந்திருப்பான்.”

“இல்லையப்பா. எங்கட ஆள் ‘போதும்’ எண்டு சொல்லமாட்டானே. ‘காணும்’ எண்டெல்லோ சொல்லுவான். பிசாசு கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான்.”

“உங்களுக்குக் காணுமோ, இன்னும் போடவோ?”

“காணும், காணும்.”

ஹெட்போனுக்கு உள்ளும் வெளியும்

பகிடி அந்தக் கிழமையோடு முடிந்தது.

தொப்பிக் கடைக் கதையின் குரல் இரண்டு சுருள்களில் இருந்தது. முதல் பாதிச் சுருளை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஓட்டினேன். காதில் ஹெட்போன். பிசாசு பேசத் தொடங்கியது. ஆழமான, ஆறுதலான குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு சின்ன இடைவெளி. எங்கேயோ கேட்ட குரல் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். “அவசரமில்லை” என்றது ஹெட்போன். யாரோ பின்னால் நிற்பது போலிருந்தது. ஹெட்போனைக் கழற்றினேன்.

“அவசரமில்லை, ஹெர் சிவசுப்பிரமணியம்” என்றது அதே குரல், என் முதுகுக்குப் பின்னால்.

கையிலிருந்த பஞ்சுக் குச்சிகள் நிலமெல்லாம் பறந்தன. ஹெர் லூத்தி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. மெசினையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “ரெண்டாவது சுருள் கவனம்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

நான் கணக்குப் போட்டேன். அந்தச் சுருளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். அதில் பேசுகிறவர் நடுவயதுக்காரர். என் முதலாளிக்கு அறுபத்தொன்று. அவர் அப்போது கால்சட்டை போட்ட பிள்ளையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் குரல் அதே குரல். மூளை என்ற ஒன்று இருந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கும். என்னிடம் இருந்தது பயம் மட்டும்.

மத்தியான இடைவேளையில் இன்டர்லாக்கனுக்குத் தொலைபேசி எடுத்தேன். குணமண்ணை என்னோடு சமையலறையில் நின்றவர், இன்னும் அங்கேதான் நிற்கிறார். பேய், செய்வினை, கண்ணூறு எல்லாவற்றிலும் எங்களுக்கு அவர்தான் நிபுணர்.

“டேய் சிவா, கடதாசியிலை கையெழுத்து வைச்சிட்டியோ?”

“ஓம் அண்ணை. வைச்சாத்தானே வேலை.”

“வாசிச்சனியோ?”

“பதினொரு பக்கம் அண்ணை. அதுவும் டொச்சு.”

“இப்ப வாசி. நான் லைனிலை நிக்கிறன்.”

பையிலிருந்த பிரதியை எடுத்து வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், வேலைத்தலத்தில் பார்க்கிற படங்களைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்ற பத்தியின் அடியில் ஒரு வரி இருந்தது. இந்தக் கடப்பாடு முடிவுக்குப் பின்னும் தொடரும்.

அதைக் குணமண்ணைக்கு வாசித்துக் காட்டினேன்.

“என்ன முடிவு எண்டு போட்டிருக்கோ?”

“வேலையின்ரை முடிவா இருக்கும் அண்ணை.”

“போட்டிருக்கோ எண்டு கேட்டனான்.”

போட்டுத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வரியில். ஆனால் அந்த நேரம் என் கண் அந்த வரியில் நிற்கவில்லை.

“மனிசனுக்கு முடிவெண்டால் ஒண்டுதானேடா” என்றார் குணமண்ணை. “சரி, பயப்பிடாதை. வீபூதி இருக்கோ? உனக்கும் பூசு, மெசினுக்கும் பூசு. ஆயுத பூசைக்கு அடுப்புக்குப் பூசினனாங்கள்தானே, ஏதும் நடந்ததோ? அந்தக் குரல் வாற இடம் எதோ, அங்கை நல்லா வை.”

வதனியிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்த மனிசன் பிசாசெண்டால், ஏனப்பா மத்தியானம் மைக்ரோவேவிலை சூப் சூடாக்கிக் குடிக்குது?”

“பழக்கமாயிருக்கும்.”

“உங்கட ஆத்துமாவைக் கொண்டுபோய் அங்கை என்ன செய்யப்போகினம்? ஸ்ட்ரூடல் இழுக்கவோ?”

அவள் சொன்னது முழுக்க நியாயம். அடுத்த நாள் காலை ஏழரை மணிக்கு, மற்ற இருவரும் வருமுன், நான் குரல் மெசினின் ஹெட் மூடிக்கு மெல்லிதாக மூன்று குறி திருநீறு பூசினேன். வெளியே பூசியதை ரெகுலா துடைத்துவிடுவாளே என்று மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு சிட்டிகை வைத்தேன்.

தூசு என்றால் நடுங்கும் ஒரு வேலைத்தலத்தில், சப்பாத்தைக் கூடத் துணியால் மூடிக்கொண்டு நடக்கும் இடத்தில், குரல் பிறக்கும் அந்த நகமளவு உலோகத்தின் மேல், என் கையால் சாம்பல் வைத்தேன். இளையவர்கள் இந்த வசனத்தை இரண்டு தரம் வாசிக்கவும்.

வெள்ளைத் தூள்

அன்று காலையே இரண்டாவது சுருளின் தகரப் பேணியைத் திறந்தபோது வினாகிரி மணம் மூக்கில் குத்தியது. பழைய சுருள் கெடத் தொடங்கினால் அந்த மணம்தான் வரும். சுருங்கும், வளையும், கடைசியில் மேலே வெள்ளைத் தூள் பூக்கும். தூள் பூத்துவிட்டால் கதை முடிந்தது. ஓட்டினால் காந்தப் பூச்சு உரிந்து, இருக்கிற குரலும் போய்விடும். இந்தச் சுருள் ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் ஓடும் என்று ரெகுலா முன்பே சொல்லியிருந்தாள். இதற்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

ஓட்டினேன். ஹெர் லூத்தி வந்து சுவரோரம் நின்றார். ரெகுலா குரலை ஒலிபெருக்கியில் விட்டு, படத்தைத் திரையில் ஓடவிட்டாள்.

கடைக்காரன் கிழவனாகிவிட்டான். மாளிகையை விட்டு, பழைய தொப்பிக் கடையின் பின்னறைக்கு வந்திருக்கிறான். மகள் ஒரு கோப்பை சூப் வைக்கிறாள். குடிக்கிறான். அவள் இன்னும் ஊற்றப் போகிறாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து, சிரித்து, “போதும்” என்கிறான். கதவு தட்டும் சத்தம். சாம்பல் கோட்டுக்காரர் உள்ளே வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். வாயைத் திறக்கிறார்.

குரல் வரவில்லை. தலையணைக்குள் யாரோ முனகுவது போல ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை. திரையில் பிசாசின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

“நிப்பாட்டுங்கோ!” என்றார் ஹெர் லூத்தி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அது ஒருதரம்தான்.

ரெகுலா ஹெட்டைக் கறுப்புத் துணியால் ஒற்றி எடுத்தாள். துணியில் வெள்ளைத் தூள்.

“பூத்திட்டுது” என்றாள். 

ஹெர் லூத்தி துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தானே சுருளைக் கழற்றி, பேணிக்குள் வைத்து, மூடியில் எழுதினார்: இனி ஓட்டக் கூடாது. எழுதிவிட்டுக் கோப்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

எனக்கு முதலில் வந்தது ஆறுதல். உண்மையைச் சொல்ல வேண்டும்தானே. வீபூதி வேலை செய்துவிட்டது, பிசாசின் வாயைக் கட்டிவிட்டது என்று நினைத்தேன்.

“பாவம் மனிசன்” என்றாள் ரெகுலா.

“ஏன்?”

“உனக்குத் தெரியாதோ? அது அவரின்ரை அப்பா.”

“எது?”

“அந்தக் குரல். அவர் வானொலி நாடகத்திலை நடிச்சவர். இந்த ஒரு தொலைக்காட்சிக் கதைக்குத்தான் குரல் குடுத்தவராம். ஹெர் லூத்திக்கு நாலு வயசிலை செத்துப்போனார். வானொலிக்காரர் அந்த நேரத்து நாடா எல்லாத்தையும் அழிச்சுப் போட்டினம். மிச்சம் இருக்கிறது இந்த ரெண்டு சுருள்தான். பத்து வருசமாத் தேடிப் போன வருசம்தான் கிடைச்சது. தானே ஓட்ட எண்டு பேணியைக் கையிலை வைச்சுக்கொண்டு அரை நாள் இருந்தவர். கை நடுங்கி முடியேல்லை. பிறகு ஒருநாள் வந்து சொன்னார், ரெகுலா, ஸ்ட்ரூடல் இழுத்த ஒரு ஆள் வந்திருக்கிறார், அவர் ஓட்டட்டும் எண்டு.”

நான் மலசலகூடத்துக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். பயப்படுவதற்கு அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த நல்ல இடம் அதுதான்.

நிலைமை இதுதான். சுருள் பூக்கவில்லை. அது என் திருநீறு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. பழி சுருளின் வயதில் விழும். புறோபசைற் முடிய ஐந்து கிழமை இருந்தது. நான் நிரந்தரமாவேன். அந்தப் பேணி அலுமாரியில் இருக்கும். ஒவ்வொரு மாதமும் உண்மையாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். அவர் தன் தகப்பனின் மிச்சக் குரலை ஒருபோதும் கேட்கமாட்டார். வாயைத் திறந்தால் இன்றே வீட்டுக்குப் போகலாம்.

பிசாசு வந்து மேசையில் கடதாசி வைத்தால் எப்படியிருக்கும் என்று அன்று எனக்கு விளங்கியது. அந்த நாடகங்களைச் செய்தவர்களுக்கு இது எப்போதோ விளங்கியிருக்கிறது. கோட்டுப் போட்ட ஆள் வரவே தேவையில்லை. பூட்டிய மலசலகூடம் போதும்.

எந்தப் பசு

கோப்பி அறைக் கதவைத் தட்டினேன். ஹெர் லூத்தி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஹெர் லூத்தி, அந்தத் தூள் சுருளிலையிருந்து வரேல்லை.”

“வேறை எங்கையிருந்து?”

“என்னிட்டையிருந்து.”

சட்டைப் பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். ரெகுலாவும் வந்து வாசலில் நின்றாள். இது என்னவென்று கேட்டார். திருநீற்றுக்கு டொச்சுச் சொல் எனக்குத் தெரியாது. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

“பசு மாட்டுச் சாணி. எரிச்ச சாம்பல். புனிதமானது.”

“எந்தப் பசு?” என்றாள் ரெகுலா.

“தெரியாது. கோயிலிலை வாங்கினது.”

“இதை ஏன் மெசினிலை வைச்சனீங்கள்?” என்றார் ஹெர் லூத்தி.

இனி மறைக்க என்ன இருக்கிறது?

“உங்களிட்டையிருந்து காப்பாத்திறதுக்கு. நீங்கள் பிசாசு எண்டு நினைச்சன்.”

ஹெர் லூத்தி பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“நான் பிசாசு எண்டு ஆர் சொன்னது?”

“இன்டர்லாக்கனிலை ஒரு சமையல்காரர்.”

அவர் அதைக் கவனமாக யோசிப்பது போலத் தலையை ஆட்டினார்.

“என்ன காரணம் சொன்னவர்?”

“உங்கட குரலும் சுருளிலை இருக்கிற குரலும் ஒண்டு. ஒப்பந்தத்திலை முடிவுக்குப் பிறகும் எண்டு போட்டிருக்கு. பிறகு, நீங்கள் என்ரை பேரைப் பிழையில்லாமல் சொன்னீங்கள்.”

“அது ரெண்டு நாள் பழகினது” என்றார். “உங்களை அனுப்பின அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு, எழுதி வைச்சுப் பழகினனான்.”

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. அவர் பொட்டலத்தை விரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களுக்கிடையில் உரசிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“இது காய்ஞ்ச தூளோ, எண்ணெய்ப் பிடிப்பு இருக்கோ?”

இருபத்தைந்து வருடம் எத்தனையோ முதலாளிமாரிடம் வேலை செய்திருக்கிறேன். ஒருவன் தன் தகப்பனின் குரலைச் சாம்பலால் மூடிவிட்டு வந்து நிற்கும்போது, முதல் கேள்வியாக இதைக் கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

“காய்ஞ்சது” என்றேன்.

“அப்ப போகும். ஆனா நீங்கள் சொல்லுறதை மட்டும் நம்பி ஓட்டேலாது. பார்ப்பம்.”

ரெகுலா இரண்டு கண்ணாடித் தட்டுகள் கொண்டுவந்தாள். ஒன்றில் கறுப்புத் துணியிலிருந்த தூள். மற்றதில், வேறொரு கெட்டுப்போன சுருளிலிருந்து சுரண்டிய நிசமான பூப்பு. இரண்டிலும் ஒரு துளி அல்கஹோல் விட்டாள். பூப்பென்றால் கரையும், சாம்பலென்றால் கரையாது. மூன்று தலைகளும் மேசையில் முட்டிக்கொண்டன. கெட்டுப்போன சுருளின் தூள் கண்முன்னே கரைந்து காணாமல் போனது. கறுப்புத் துணியின் தூள் கரையவில்லை. மங்கலாக, பிடிவாதமாக, தட்டின் நடுவில் இருந்தது.

“பசு வென்றிட்டுது” என்றாள் ரெகுலா.

ஹெட்டைத் துடைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. நான்தான் துடைத்தேன். மூடி, விசிறி, உருளைகள் எல்லாம். வெளியே பூசிய மூன்று குறியையும் ரெகுலா பஞ்சோடு தேடித் தேடி அழித்தாள். துடைத்து முடிய ஹெர் லூத்தி வேலைப் பதிவுத் தாளை என் முன்னால் வைத்தார்.

“முதல் ஓட்டம் பிழைச்சதெண்டு எழுதுங்கோ. காரணத்தையும் எழுதுங்கோ.”

“என்னெண்டு எழுதுறது?”

“நடந்ததை.”

‘புனிதச் சாம்பல், மெசினை இயக்கியவர் வைத்தது’ என்று டொச்சில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தத் தாள் இன்றைக்கும் கோப்பில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன். பொருள் தன்னால் கெட்டதா, நாங்கள் கெடுத்தோமா என்பதை மறைத்தால் அடுத்த ஆள் பிழையான முடிவெடுப்பார். அதோடு அந்தப் பொருளும் போகும். இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கைப் பழக்கம்.

பேணி மூடியில் எழுதியிருந்ததை அவர் ஒரு கோட்டால் வெட்டினார். இரண்டாவது தரம் ஓட்டினேன். இந்த முறை அவரைப் பக்கத்தில் கதிரையில் இருக்கச் சொன்னேன். இரண்டாவது ஹெட்போனை அவர் போட்டுக்கொண்டார்.

கதவு தட்டும் சத்தம். சாம்பல் கோட்டுக்காரர் வந்தார். குரல் வந்தது, முழுக் குரல், மூச்சு எடுப்பது கூடக் கேட்டது. இன்று உங்களைக் கொண்டுபோக வந்தேன் என்றார். கடதாசியை எடுத்து நிதானமாக விரித்தார். இத்தனை வருடமாக நான் பலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அவர்கள் எல்லோரும் இன்னும் வேண்டும் என்று அழுதுகொண்டு வந்தார்கள் என்றார். மனமாரப் போதும் என்று சொன்ன ஆளைக் கொண்டுபோய் என்னிடத்தில் எங்கே இருத்துவது, அங்கே அப்படியொரு கதிரை இல்லையே என்றார். கடதாசியை மேசையில் விட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, மகளிடம் சூப்பின் மணம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுருளின் கடைசி முழத்தில் பூச்சு உண்மையாகவே உரியத் தொடங்கியது. அது வெறும் இசைப் பகுதி. அதன் பிறகு அந்தச் சுருள் ஓடவில்லை, இனி ஓடவும் மாட்டாது.

ஐந்து கிழமை கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள். பிசாசு என்று அங்கே யாரும் இருக்கவில்லை. ஒருவர் நாலு வயதில் தகப்பனை இழந்தார். அறுபத்தொரு வயதில், ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு, அந்தத் தகப்பனின் குரலை முழுதாகக் கேட்டார். கேட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “நன்றி, ஹெர் சிவசுப்பிரமணியம்” என்று சொல்லிவிட்டு எழுந்து, வீட்டுக்குப் போனார்.